வழியனுப்ப வந்தவர்களின் மேசை

கேள்வி: அந்தக் காலத்தில் விமானம் ஏறாதவர்களும் விமான நிலையத்துக்குச் சாப்பிடப் போவார்கள் என்று என் மாமனார் அடிக்கடி சொல்கிறார். அப்படியும் ஒரு வழக்கம் இருந்ததா? (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: இருந்தது அம்மா, உங்கள் மாமனார் சொல்வது உண்மைதான். 1928ஆம் ஆண்டில் லண்டனுக்குத் தெற்கே குராய்டனில் புதிய விமான நிலையக் கட்டடம் திறக்கப்பட்டபோது அதன் பக்கத்திலேயே ஒரு விடுதியும் எழுந்தது. அதன் மொட்டைமாடியில் நின்று விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்ப்பதற்கென்றே நகரத்து மக்கள் வந்தார்கள். ஒரு விமானத்தில் இருபது பேர் ஏறினாலே அதிகம் என்றிருந்த அந்த நாளில், பயணிகளை மட்டும் நம்பி எந்த உணவகமும் அடுப்பு மூட்டியிருக்க முடியாது. பயணிகளுக்கென்றே பிறந்த பண்டங்களும் உண்டு. அயர்லாந்தின் ஃபாய்ன்ஸ் என்ற, நீரில் இறங்கும் கடல்விமானங்களின் துறைமுகத்தில், 1940களின் தொடக்கத்தில், புயலால் திரும்பி வந்து குளிரில் நடுங்கியவர்களுக்காக ஜோ ஷெரிடன் என்ற சமையல்காரர் காபியில் விஸ்கி கலந்து கொடுத்தார் என்றும், அதுவே பிறகு ‘ஐரிஷ் காபி’ ஆயிற்று என்றும் சொல்வார்கள். அமெரிக்காவில் 1937இல் நடந்தது இன்னும் சுவையானது. வாஷிங்டனை அடுத்த ஹூவர் விமானத்திடலுக்கு அருகே மேரியட் என்பவர் நடத்திய ‘ஹாட் ஷாப்ஸ்’ உணவகத்தில், விமானத்துக்குப் போகிறவர்கள் வழியில் நின்று உணவு கட்டி வாங்கிப் போவதைக் கவனித்து, அந்த நிறுவனமே விமானங்களுக்கு உணவுப்பெட்டி வழங்கத் தொடங்கியது.

வேடிக்கை பார்க்க வருபவர்களுக்காக எழுந்த கட்டடங்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தின் ‘தீம் பில்டிங்’. 1961இல் கட்டி முடிக்கப்பட்ட அதை, நான்கு வளைவுக் கால்களை ஊன்றி நிற்கும் பறக்கும் தட்டு என்று சொன்னால் உருவம் பிடிபடும். மேலே உணவகமும் பார்வையாளர் மாடமும் இருந்தன. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு மாடம் மூடப்பட்டது. கட்டடமோ சோதனைக்கு வெளியே இருந்தது; பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி உள்ளே போன பயணி சாப்பிடுவதற்காக மறுபடி வெளியே வர விரும்பமாட்டார் அல்லவா? 1997இல் புதுக்கோலம் பூண்டிருந்த ‘என்கவுன்டர்’ உணவகமும் 2013இல் நின்றுபோனது. விமானக் கடத்தல்கள் பெருகியதால் அமெரிக்காவில் 1973இலேயே எல்லாப் பயணிகளுக்கும் சோதனை கட்டாயமாகியிருந்தது. 2001க்குப் பிறகு பயணச்சீட்டு இல்லாதவர் தாண்ட முடியாமல்போன அந்தச் சோதனைக்கோடுதான் பயணியின் மேசையையும் வழியனுப்ப வந்தவரின் மேசையையும் இரண்டாகப் பிரித்தது.

நம் கோவையின் பீளமேட்டு விமானத்திடல் 1940ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சிறுவயதில் எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) என்னை அங்கே அழைத்துப் போனபோது நாங்கள் எந்த உணவகத்துக்குள்ளும் போகவில்லை. வேலியோரம் ஒரு வேப்பமர நிழலில் துண்டை விரித்து, தூக்குப்போசியில் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) கொடுத்துவிட்ட, இடியாப்பம் போன்ற எலுமிச்சைச் சந்தகையைப் பிரித்தோம். விசிறி சுழல ஒரு சிறிய விமானம் தலைக்கு மேலே எழும்பியது. அப்பிச்சி கையில் பிடித்த சந்தகையோடு அப்படியே அண்ணாந்திருந்தார். அவர் கடைசிவரை விமானம் ஏறியதில்லை.

கேள்வி: வடநாட்டில் பழைய விமானத்துக்குள்ளேயே உணவகம் நடத்துகிறார்களாமே? அது நிஜ விமானமா, தகரத்தில் செய்த பொம்மையா? (ஒரு பனியன் தொழிலாளி, திருப்பூர்)

பதில்: பெரும்பாலும் நிஜ விமானம்தான். லூதியானாவிலும் வதோதராவிலும் ஓய்வுபெற்ற ஏர்பஸ் ஏ320 விமானங்களை உணவகமாக்கியிருக்கிறார்கள். நியூசிலாந்தின் டௌப்போ நகரில் ஒரு டிசி-3 விமானத்தில் மெக்டொனால்ட்ஸ் மேசை போட்டிருக்கிறது. கானாவின் அக்ராவில் ஒரு டிசி-10 உணவகமாக நின்றது. பறக்கும் காலம் முடிந்த விமானத்தில் விலை பெறுவன எஞ்சினும் சக்கரத் தொகுதியும் மின்னணுக் கருவிகளும்தான். அவற்றைக் கழற்றி விற்ற பின் மிஞ்சும் கூடு மலிவாகவே கிடைக்கும்.

ஆனால், கூட்டை வாங்குவதைவிட ஊருக்குக் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. ஏ320இன் நீளம் ஏறக்குறைய 37.6 மீட்டர். இறக்கைகளை அறுத்தெடுத்த பிறகும் உடற்கூடு நான்கு மீட்டருக்கு மேல் உயரம் இருப்பதால், லாரியின் உயரமும் சேர்ந்துகொண்டால் வழியிலுள்ள ஒவ்வொரு பாலத்தின் அடியையும் முன்கூட்டியே அளந்தாக வேண்டும். 2022 நவம்பரில் உணவகமாக்குவதற்காகக் கொச்சியிலிருந்து ஹைதராபாத்துக்குப் போன ஒரு விமானக் கூடு, ஆந்திரத்தின் பாபட்லா மாவட்டத்தில் பாலத்துக்கு அடியில் சிக்கிக்கொண்டது. அடுத்தது வெயில்: அலுமினியக் கூடு நம் சித்திரை வெயிலில் இட்லிச்சட்டி போலக் கொதிக்கும் என்பதால் குளிரூட்டல் இல்லாமல் உள்ளே உட்கார முடியாது. அகலம் பன்னிரண்டு அடிதான். அடுப்படியை வெளியே அமைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு பாடும் வீண் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நான் போயிருந்த அப்படி ஓர் உணவகத்தில், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி, வந்த தோசை ஆறுவதையும் கவனிக்காமல், சன்னல் மூடியை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தார். வெளியே தெரிந்தது வாகன நிறுத்தம் மட்டுமே. அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அப்பிச்சியின் நினைவு வந்தது. நீங்கள் தைத்த பனியன் விமானம் ஏறிப் பல நாடு போயிருக்கும். நீங்களும் குடும்பத்தோடு ஒரு நாள் அந்த இருக்கையில் உட்கார வேண்டும். நம் பக்கமும் அப்படி ஒன்று வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கேள்வி: மகனை வழியனுப்பப் போன இடத்தில் காபி விலையைக் கேட்டுக் குடிக்காமலே திரும்பினோம். ஏன் இந்த விலை? (ஒரு தாய், பொள்ளாச்சி)

பதில்: விமான நிலையக் கடைக்காரர் சாதாரண வாடகை கொடுப்பதில்லை. விற்பனையில் ஒரு பங்கு, அல்லது விற்றாலும் விற்காவிட்டாலும் குறைந்தது இவ்வளவு என்ற உத்தரவாதத் தொகை, இரண்டில் எது அதிகமோ அதைத்தான் பெரும்பாலும் கட்டுகிறார். அந்தச் சுமை உங்கள் கோப்பையில்தான் வந்து இறங்குகிறது. இதற்கு மாற்றாக 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும், 2025 பிப்ரவரியில் சென்னையிலும் ‘உடான் யாத்ரி கஃபே’ திறக்கப்பட்டது. தேநீர் பத்து ரூபாய், காபியும் சமோசாவும் தலா இருபது ரூபாய் என்று தொடங்கினார்கள். இப்படிப்பட்ட கடை எல்லா ஊரிலும், அதுவும் வாசலுக்கு வெளியே, வழியனுப்ப வந்தவர்கள் உட்கார நாலு பெஞ்சோடு வேண்டும் என்பது என் கோரிக்கை.

அதுவரை, மகன் அடுத்த முறை கிளம்பும்போது வீட்டிலிருந்தே கட்டிக் கொடுங்கள். உள்நாட்டுப் பயணத்தில் இட்லியைக் கைப்பையில் கொண்டுபோகத் தடையில்லை. சட்னி, சாம்பாரை விட்டுவிட்டு எள்ளுப்பொடி தடவிக் கொடுத்தால் சோதனையில் சிக்கல் வராது. உங்களுக்கும் சேர்த்தே கட்டுங்கள்.