பூத்தும் காய்க்காத கொடி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பூசணிக் கொடி நிறையப் பூக்கிறது. முதலில் வந்த பூவெல்லாம் அப்படியே உதிர்ந்தது. இப்போது பிஞ்சு வந்தாலும் கோலிக்குண்டு அளவிலேயே மஞ்சளாகி வெம்பி விழுகிறது. உரம் போதவில்லையா?

பதில்: உரம் இருக்கட்டும், முதலில் பூவைத் திருப்பிப் பாருங்கள். பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு, இரண்டும் ஒரே கொடியில். ஒல்லியான நீளக் காம்பில் நிற்பது ஆண். இதழுக்குக் கீழே குட்டிப் பூசணி மாதிரி ஓர் உருண்டை இருந்தால் பெண். கொடி பெரும்பாலும் ஆண் பூக்களைத்தான் முதலில் விடும், ஆகவே ஆரம்பத்தில் உதிர்ந்ததற்குக் கவலையே வேண்டாம், அவை உதிரத்தான் வந்தவை.

இப்போது விழுவதுதான் விஷயம். நீங்கள் பிஞ்சு என்பது பெண் பூவின் சூலகம், அதாவது இதழுக்குக் கீழே இருக்கும் அந்த உருண்டை, பூ விரியும் முன்பே அது அங்கே இருக்கும், அதைப் பார்த்துக் காய் பிடித்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. மகரந்தம் வந்து சேர வேண்டும். பூசணி மகரந்தம் பெரியது, பிசுபிசுப்பானது, மேலெல்லாம் முள் முள்ளாக இருப்பதால் காற்றில் பறக்காது, தேனீ மாதிரி ஏதாவது பூச்சியின் உடம்பில் ஒட்டிக்கொண்டுதான் போக வேண்டும். பூவோ விடியலில் விரிந்து உச்சிவேளைக்குள் சுருங்கிவிடுகிறது, மறுநாள் திறப்பதில்லை. அந்தச் சில மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டாலோ தேனீ வராமல் போனாலோ அந்தப் பூ அவ்வளவுதான். ஒரு விதைக்கு ஒரு மகரந்தத் தூளாவது தேவை, உள்ளே இருப்பதோ நூற்றுக்கணக்கான விதை. கொஞ்சமாக விழுந்தால் கோணல் காய், விழவே இல்லை என்றால் வெம்பல். விதையில்லாத காயைச் சுமக்கக் கொடிக்கு என்ன தலையெழுத்து?

சரி, நீங்களே தேனீயாகிவிடுங்கள். காலையில் விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துப் போட்டுவிட்டு, மஞ்சள் மாவு பூசியது போல் நிற்கும் நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் இருக்கும் சூல்முடியில் எல்லா மடிப்பிலும் படும்படி மெதுவாகத் தேயுங்கள். அப்புறம், மருந்து அடிப்பதாக இருந்தால் பூ மூடிய பிறகு, சாயங்காலம் அடியுங்கள். ஏற்கெனவே இரண்டு மூன்று காய் பருத்துக்கொண்டிருக்கும் கொடி, புதுப் பிஞ்சைத் தானாகவே கழற்றிவிடுவதும் உண்டு, அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: பப்பாளி கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, காயே இல்லை.

பதில்: பூக்கள் நீளமான கிளைக் காம்புகளில் தொங்கினால் அது ஆண் மரம். காய்க்கும் பூ தண்டை ஒட்டியே இருக்கும்.

கேள்வி: மக்காச்சோளக் கதிர் ஏன் நடுநடுவே பொக்கை வாய் மாதிரி இருக்கிறது?

பதில்: கதிர் நுனியில் தொங்கும் பட்டு இழைகளைக் குப்பை என்று உரித்துப் போடுகிறோமே, ஒவ்வொன்றும் ஒரு பெண் பூவின் சூல்தண்டு. ஓர் இழைக்கு ஒரு மணி. செடியின் உச்சியில் இருக்கும் ஆண் பூக்களிலிருந்து காற்றில் வரும் தூள் இழையில் விழுந்ததும், அதிலிருந்து மகரந்தக் குழல் முளைத்து, இழைக்குள்ளேயே ஓர் அடி நீளம்கூட ஏறத்தாழ ஒரே நாளில் இறங்கிவிடும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு துகளுக்கு இது அசுர ஓட்டம். தூள் படாத இழையின் இடம் காலி. நுனி இழைகள் கடைசியில் வெளிவருவதால், அதற்குள் தூள் தீர்ந்துபோய் நுனிப் பொக்கையும் விழும்.

குழல் இரண்டு ஆண் அணுக்களைக் கொண்டுபோகிறது. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது, மற்றொன்றால் மணியின் மாவுப் பகுதி உருவாகிறது. இந்த இரட்டைக் கருவுறுதலை 1898-ல் நவாஷின் என்ற ரஷ்யத் தாவரவியலாளர் லில்லிச் செடிகளில் கண்டறிந்தார். மாவிலும் தகப்பன் பங்கு இருப்பதால் அப்பன் சாடை மணியிலேயே தெரிந்துவிடும்: வெள்ளை மக்காச்சோளத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் மக்காச்சோளம் நட்டிருந்தால், வெள்ளைக் கதிரில் அங்கங்கே மஞ்சள் மணி எட்டிப் பார்க்கும்.