பின்லாந்து விடுதலை பெற்ற வழி

கேள்வி: லெனின் போட்ட ஒரே கையெழுத்தில் பின்லாந்து விடுதலை பெற்றதாக எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு பழைய இதழில் படித்தேன். அப்படியானால், அந்த மக்கள் பாடுபடாமலேயே நாட்டைப் பெற்றார்களா?
- ஒரு வாசகி, பாப்பாரப்பட்டி, தருமபுரி மாவட்டம்

பதில்: விடுதலைக்காக உடல் நொந்த சுப்பிரமணிய சிவா 1925-இல் கண்மூடிய ஊரிலிருந்து இக்கேள்வி வந்திருப்பது மனத்துக்கு நிறைவளிக்கிறது.

கையெழுத்து உண்மைதான். 1917 டிசம்பர் 31 அன்று லெனினின் அரசு பின்லாந்தின் விடுதலையை ஏற்றது. ஆனால் டிசம்பர் 6 அன்றே பின்லாந்து நாடாளுமன்றம், 100 பேர் ஆதரிக்க, 88 பேர் எதிர்க்க, விடுதலை அறிக்கையை நிறைவேற்றிவிட்டது. எதிர்த்தவர்களும் விடுதலையை வேண்டாதவர்கள் அல்லர். ரஷ்யாவுடன் பேசி, உடன்பாட்டோடு பெற வேண்டும் என்றவர்கள்.

சுவீடனின் ஆட்சியில் பல நூற்றாண்டுகள் இருந்த பின்லாந்து, 1809-இல் ரஷ்யாவின் கைக்கு மாறியபோது, அதன் பழைய சட்டங்களையும் சமயத்தையும் காப்பதாகப் பேரரசர் முதலாம் அலெக்சாந்தர் உறுதியளித்தார். தனி நிர்வாகமும், 1860 முதல் தனி நாணயமும் அங்கே இருந்தன. அந்த உரிமைகளை வெட்டும் ஆணையை 1899 பிப்ரவரியில் இரண்டாம் நிக்கோலஸ் பிறப்பித்தபோதுதான் மக்கள் திரண்டு எழுந்தார்கள். உறைபனிக் காலத்தில், சாலை இல்லாத சிற்றூர்களுக்கும் பனிச்சறுக்குக் கட்டைகளில் சென்று, வீடு வீடாகக் கதவைத் தட்டி, இரண்டே வாரங்களில் 5 லட்சத்துக்கும் அதிகமான கையெழுத்துகளைத் திரட்டினார்கள். குழந்தைகளையும் சேர்த்து எண்ணினால்கூட, ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கையெழுத்திட்டிருந்தார்! அதை ஏந்திச் சென்ற 500 பேர் கொண்ட தூதுக்குழுவைப் பேரரசர் சந்திக்கவே மறுத்துவிட்டார். உங்கள் இதழ் சொன்ன ஒற்றைக் கையெழுத்தைவிட இந்த லட்சக்கணக்கான கையெழுத்துகளே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன.

1905-இன் பொது வேலைநிறுத்தத்துக்குப் பின், பெண்களுக்கும் வாக்குரிமை தந்த நாடாளுமன்றம் 1906-இல் அமைந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் 19 பெண்கள் உறுப்பினரானார்கள். ஆகவே, 1917-இல் பேரரசு சரிந்தபோது, ஆட்சியை ஏற்க மக்கள் தேர்ந்தெடுத்த அவை ஒன்று ஆயத்தமாக இருந்தது.

பெரும் இழப்பு அதன் பிறகே நேர்ந்தது. 1918-இல் பின்லாந்தின் சோசலிசத் தொழிலாளர்களின் செம்படைக்கும், அரசின் பக்கம் நின்ற வெண்படைக்கும் மூண்ட உள்நாட்டுப் போரிலும், அதன்பின் கைதிகள் முகாம்களில் பசியாலும் நோயாலும் 35,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வென்ற வெண்படைத் தரப்பு ஜெர்மானிய இளவரசர் ஒருவரை அரசராகத் தேர்ந்தெடுத்தும், அவர் முடி துறந்ததால், 1919-இல்தான் குடியரசு அரசமைப்பு உறுதியாகி, ஸ்டோல்பெர்க் முதல் குடியரசுத் தலைவரானார்.