குளிர்கடல் பாசிகளும் நீரின் வெப்பமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வெதுவெதுப்பான நீரில்தானே செடிகொடிகள் விரைந்து வளரும்? கலிபோர்னியாவின் ராட்சத கெல்ப் (பழுப்பு நிறப் பெருங்கடற்பாசி) மட்டும் ஏன் குளிர்ந்த நீரில் செழிக்கிறது?

பதில்: அது தேடுவது குளிரைவிட, குளிர்ந்த நீர் சுமந்துவரும் நைட்ரேட் என்னும் நைட்ரஜன் உரச்சத்தைத்தான். வசந்த காலத்தில் வடமேற்குக் காற்று கரையை ஒட்டி வீசும்போது மேல்நீர் கரையைவிட்டு விலக, ஆழத்திலிருந்து உரச்சத்து மிகுந்த குளிர்நீர் மேலேறி அந்த இடத்தை நிரப்புகிறது. நீரின் வெப்பம் ஏறத்தாழ 16 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் அதில் நைட்ரேட் அநேகமாக இல்லை என்றே கொள்ளலாம். அக்கரையில் வெப்பமானியைப் பார்த்தே உரத்தின் அளவை ஊகிக்க முடிவது இதனால்தான். சத்து நிறைந்த நீரில் ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேலும் நீளக்கூடிய இந்தப் பாசி, உடலில் சேமித்த நைட்ரஜனைக் கொண்டு சில வாரங்களே தாக்குப்பிடிக்கும்.

கேள்வி: எத்தனை டிகிரியில் பாசி இறக்கும்?

பதில்: இனத்துக்கு இனம் மாறுபடும். வட அட்லாண்டிக்கின் சர்க்கரை கெல்ப் 10 முதல் 15 டிகிரி வரை நன்கு வளரும். 20 டிகிரிக்கு மேல் நீடித்தால் நலிந்துவிடும். வெப்பத்தின் அளவைப் போலவே அது எத்தனை நாள் நீடிக்கிறது என்பதும் முக்கியம். நலிவு முதலில் இலைத்தகட்டில் தெரியும்: நிறம் வெளிறும், நுனி கிழிந்து உதிரும், சிறு பிராணிகளின் கூட்டம் வெள்ளை வலைபோலப் படர்ந்து தகட்டை நொறுங்கச் செய்யும். எனினும் பெரும் பாசிகள் அழிந்ததைக் கண்டதும் எல்லாம் முடிந்தது என்று எழுதிவிடக் கூடாது. கெல்ப்பின் வாழ்க்கைச் சுழற்சியில் கண்ணுக்குத் தெரியாத நுண்பருவம் ஒன்று உண்டு. பெரிய பாசி தாங்காத வெப்பத்தையும் அது பெரும்பாலும் தாங்கிக் கிடக்கும். ஆனால் நீர் மீண்டும் குளிரும்வரை அது கருமுட்டை உருவாக்காது.

கேள்வி: 2014 முதல் 2016 வரை நீடித்த கடல் வெப்ப அலை ஓய்ந்த பின்னும் வட கலிபோர்னியாவின் கெல்ப் காடுகள் ஏன் மீளவில்லை?

பதில்: அங்கே வெப்பத்தோடு வேறொரு கேடும் சேர்ந்துகொண்டது. 2013-இல் பரவத் தொடங்கிய நோய் ஒன்று, கடல் முள்ளெலிகளை வேட்டையாடும் சூரியகாந்தி நட்சத்திரமீனை ஏறக்குறைய துடைத்தெறிந்தது. வெப்ப அலை அந்நோயை மேலும் கடுமையாக்கியது. அப்பகுதியின் காடு பெரும்பாலும் ஆண்டுதோறும் புதிதாக முளைக்க வேண்டிய ‘புல் கெல்ப்’ (bull kelp) இனத்தாலானது. வெப்பத்தால் மெலிந்து நின்ற அதை, பெருகிய ஊதா முள்ளெலிகள் மொட்டையடித்தன. காட்டின் 90 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தது. உணவின்றிப் பல ஆண்டுகள் உயிர்வாழ முள்ளெலிகளால் முடியும் என்பதால், நீர் குளிர்ந்த பின்னும் முளைவிடும் குருத்துகளை அவை விட்டுவைப்பதில்லை. கெல்ப்பையே தின்று வாழ்ந்த சிவப்பு அபலோனி சிப்பிகள் பட்டினியால் மடிந்தன; அவற்றைப் பிடிப்பது 2018 முதல் தடைசெய்யப்பட்டது. வெப்பத்தை மட்டும் குற்றவாளியாக்கும் விளக்கங்கள் எனக்கு ஏற்புடையவை அல்ல.

கேள்வி: சீனாவில் போல மண்டபம் கடலில் கெல்ப் வளர்க்கலாமா?

பதில்: இயலாது. 1950-களில் சீனப் பாசியியலாளர் சி. கே. ட்செங் குழுவினர், கோடையில் நாற்றுகளைச் சுமார் 10 டிகிரி நீரில் காப்பாற்றி, இலையுதிர் காலத்தில் கடல் குளிர்ந்ததும் கயிறுகளில் கட்டி இறக்கும் முறையை வகுத்தனர். தெற்கே ஃபூஜியன்வரை இது பலித்ததற்குக் காரணம், அங்கே குளிர்காலக் கடல் போதிய அளவு குளிர்வதுதான். மண்டபத்தை ஒட்டிய மன்னார் வளைகுடாவில் அத்தகைய குளிர் எந்த மாதத்திலும் வருவதில்லை.

கேள்வி: குளிர் அளவுக்கு மீறினால் பாசி இறக்காதா?

பதில்: கடல்நீர் ஏறத்தாழ மைனஸ் 1.8 டிகிரியில் உறையும் என்பதால், நீருக்குள் இருக்கும் பாசிக்கு அதற்கும் கீழான குளிர் நேர்வது அரிது. ஆழமற்ற இடங்களில் தரையை உராய்ந்து நகரும் பனிக்கட்டிதான் பெரிய ஆபத்து. அலாஸ்காவின் வடகரையில் வளரும் ஒரு ஆர்க்டிக் கெல்ப் இனம், கோடை வெளிச்சத்தில் சேமித்த மாவுச்சத்தைச் செலவிட்டு, பனிமூடிய இருண்ட குளிர்காலத்தில்தான் தன் வளர்ச்சியின் பெரும்பகுதியை முடிக்கிறது. நீரில் நைட்ரேட் நிறைந்திருப்பது அப்போதுதான்.