ஏற்காட்டில் ராஃப்டிங் கிடையாது, குடகுக்குப் போங்கள்

ஏற்காடு வரும்போது ராஃப்டிங்கும் (காற்றடைத்த படகில் வேகமான ஆற்றில் போவது) போகலாமா, மனைவிக்கு நீச்சல் தெரியாதே என்று கேட்டிருந்தீர்கள். ஏற்காடு ஏரியில் படகுச் சவாரிதான். ஒகேனக்கல்லில் பரிசல், வெள்ளம் வந்தால் அதையும் நிறுத்திவிடுவார்கள். சேலத்திலிருந்து மைசூர் வழியாகக் குடகுக்குப் போங்கள். அங்கே பாரபொளே ஆறு மழைக்காலத்தில்தான் சரிப்படும், வேகமும் அதிகம். முதல் தடவைக்கு துபாரே பக்கம் காவிரியே போதும்.

நீச்சல் தெரியாதது பெரிய தடையில்லை, தொளதொள லைஃப் ஜாக்கெட்தான் ஆபத்து. தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காது வரை ஏறினால் வேறு கேட்டு வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள். அப்புறம், தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி மிதக்கச் சொல்லுங்கள். எழுந்து நிற்கப் பார்த்தால் பாறையிடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும்.