கேள்வி நேரம்: புரதத்தை மடிப்பது எந்தப் பிணைப்பு?

கேள்வி: டைசல்பைடு (இரண்டு கந்தக அணுக்கள் இணையும் பிணைப்பு) வலுவான சகப்பிணைப்பு. ஹைட்ரஜன் பிணைப்போ அதன் முன் அற்பம். பிறகு ஏன் புரதத்தின் வடிவத்தை வலுவற்ற விசைகளே தீர்மானிக்கின்றன என்கிறார்கள்?

பதில்: டைசல்பைடு, மடிந்துவிட்ட வடிவத்துக்குப் போடும் பூட்டு. எப்படி மடிவது என்று அதற்குத் தெரியாது. இதைத் தெளிவாகக் காட்டியது அமெரிக்க உயிர்வேதியியலாளர் அன்ஃபின்சனின் சோதனை (1972-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்).

ரைபோநியூக்ளியேஸ் ஏ என்ற நொதியில் 124 அமினோ அமிலங்கள். அவற்றில் 8 சிஸ்டீன்கள் (கந்தகம் உள்ள அமினோ அமிலம்) இணைந்து 4 டைசல்பைடுகள். எட்டுப் பேரை இரண்டிரண்டாக 7×5×3, அதாவது 105 விதமாகச் சேர்க்கலாம், சரியானது ஒன்றே. வலுவற்ற விசைகளை முடக்கும் 8 மோலார் யூரியாவும், டைசல்பைடை உடைக்கும் மெர்காப்டோஎத்தனாலும் சேர்த்தால் சங்கிலி முழுக்க அவிழ்ந்து, நொதி செயலிழக்கும். இரண்டையும் நீக்கிக் காற்றுப் படவிட்டால் சரியான ஜோடிகளே மறுபடி சேர்ந்து, செயல்திறன் ஏறக்குறைய முழுதாகத் திரும்புகிறது.

வரிசையை மாற்றினால்தான் வேடிக்கை. யூரியா இருக்கும்போதே ஆக்சிஜனேற்றம் செய்து (அதாவது கந்தகங்களை இணைய விட்டு), யூரியாவைப் பிறகு நீக்கினால் மிஞ்சும் செயல்திறன் சுமார் 1 சதவீதம். கந்தகங்கள் இணைந்திருக்கும், ஜோடிகள் மட்டும் தாறுமாறு. வலுவற்ற விசைகளை யூரியா முடக்கிவிட்டதால், உரிய சிஸ்டீன்களைப் பக்கத்தில் கொண்டுவர ஆளில்லை. இந்தக் கலவையில் துளி மெர்காப்டோஎத்தனால் விட்டால் தவறான பிணைப்புகள் அறுந்து அறுந்து சேர்ந்து, சில மணி நேரத்தில் சரியான வடிவம் வந்துவிடும்.

ஹைட்ரஜன் பிணைப்புக்கே முழுப் புகழையும் கொடுக்கவும் வேண்டாம். அவிழ்ந்த சங்கிலி அதே பிணைப்புகளை நீரோடு போட்டுக்கொள்கிறது. மடிவதால் கிடைக்கும் நிகர லாபம் சொற்பம். நீரை விலக்கும் பக்கத்தொகுதிகள் உள்ளே ஒதுங்குவதே பெரிய உந்துவிசை. கண்டிப்பாகச் சொன்னால் அது பிணைப்பே அல்ல. எல்லாம் கூட்டிக் கழித்தால் பெரும்பாலான சிறு புரதங்களின் நிலைப்பு மோலுக்கு 5 முதல் 15 கிலோகலோரிதான்.

கேள்வி: ஆல்ஃபா சுருளின் (ஹைட்ரஜன் பிணைப்புகள் தாங்கும் புரதச் சுருள்) நடுவே புரோலின் என்ற அமினோ அமிலம் வந்தால் ஏன் வளைகிறது?

பதில்: அதன் நைட்ரஜன் வளையத்துக்குள் சிக்கியிருப்பதால், நான்கு இடம் முன்னுள்ள கார்போனைலுக்கு (C=O தொகுதி) ஹைட்ரஜன் பிணைப்பாகக் கொடுக்க ஹைட்ரஜன் இல்லை. வளையம் முந்தைய திருப்பத்தோடு இடிக்கவும் செய்யும்.

கேள்வி: எஸ்டிஎஸ் ஜெல்லில் (புரதங்களை அளவுப்படி பிரிக்கும் முறை) தூய புரதம் இரண்டு பட்டைகளாக வருகிறது. கெட்டுவிட்டதா?

பதில்: முதலில் டைசல்பைடைச் சந்தேகியுங்கள். பாதி மாதிரியில் அது உடையாமல் இருக்கலாம். உடையாத மூலக்கூறு கச்சிதமாகச் சுருண்டிருப்பதால் சற்று வேகமாக ஓடும். இரண்டு மூலக்கூறுகள் கோத்திருந்தால் மேலே நிற்கும். டைசல்பைடை உடைக்கும் டிடிடி (DTT) என்ற வேதிப்பொருளைப் புதிதாகக் கரைத்து 100 மில்லிமோலார் சேர்த்து, 95 டிகிரி செல்சியஸில் 5 நிமிடம் சூடாக்குங்கள். பழைய கரைசல் காற்றில் ஆக்சிஜனேற்றமடைந்து வீணாகியிருக்கும். கரைசலின் பிஎச் 7-க்குக் கீழே போனால் டிடிடி மந்தமாகிவிடும். அங்கே அதே வேலையைச் செய்யும் டிசிஇபி (TCEP) நல்லது. டிடிடி சேர்க்காத மாதிரியையும் அதே ஜெல்லில் ஓட்டுவதானால் இடையில் ஒரு குழியாவது காலியாக விடுங்கள். டிடிடி பக்கவாட்டில் கசிந்து அடுத்த மாதிரியையும் ஓரத்தில் உடைத்துவிடும்.