ஓடு மாற்றும் செலவு யார் தலையில்? – வாசகர் கேள்விகள்

ஐப்பசி மழை நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஓட்டைப் பற்றித்தான். இந்த முறையும் அப்படியே.

கேள்வி: எங்கள் வளவு வீட்டுக்கு (பங்காளிகளுக்குப் பொதுவான பூர்வீக வீடு) ஐந்து புள்ளி (மணமான ஆணின் குடும்பம் ஒன்று, ஒரு புள்ளி). ஓடு மாற்ற 4 லட்சம் ஆகும் என்கிறார் கொத்தனார். ஐந்தாகப் பிரித்துக்கொள்வதுதானே நியாயம்? (கண்டனூர்)

ஐந்து பேருக்கும் பங்கு சமமா? கோயிலுக்குப் புள்ளி வரி கொடுத்துப் பழகிய நமக்கு எதையும் தலைக்கு இவ்வளவு என்றே பிரிக்கத் தோன்றும். வீடு அப்படி இறங்கி வருவதில்லை. ஐயாவுக்கு (தாத்தாவுக்கு) இரண்டு மகன்கள். ஒருவர் வழியில் ஒரு புள்ளி, இன்னொருவர் வழியில் நான்கு என்றால், முதலாமவருக்கு அரைப் பங்கு, மற்ற நால்வருக்கும் ஆளுக்கு அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு. (பெண் பிள்ளைகளின் சட்டப் பங்கை இதில் சேர்க்கவில்லை, அதற்குப் பத்திரம் பார்க்க வேண்டும்.) செலவும் அந்தக் கணக்கில்தான்: அவர் 2 லட்சம், மற்றவர்கள் ஆளுக்கு 50,000. அவர் முகம் சுளிப்பார். வீடு விலைக்குப் போனால் பாதிப் பணம் யாருக்கு என்று கேளுங்கள், போதும்.

அப்புறம், அந்தப் பணத்தை ஊரில் இருப்பவரின் சொந்தக் கணக்கில் போடாதீர்கள். இரண்டு கையெழுத்து இருந்தால்தான் எடுக்கலாம் என்று வீட்டுக்காகவே ஒரு கூட்டுக் கணக்கு திறங்கள். வருடம் ஒருமுறை ஐந்தொகை (வரவு, செலவு, இருப்புக் கணக்கு) போட்டு எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். அந்தக் காலத்தில் பர்மாவில் நடந்த வட்டித் தொழிலுக்கே கப்பலில் கணக்கு வந்து சேர்ந்த ஊர் இது. இதற்கு என்ன சோம்பல்?

கேள்வி: தெரிந்தவருக்கு 1 லட்சம், ஒன்றரை வட்டிக்குக் கொடுத்தேன். நோட்டு எழுதி இரண்டு வருடம் எட்டு மாதம் ஆகிறது. வட்டி தவறாமல் வருகிறது. கவலை இல்லையே? (காரைக்குடி)

வட்டி வருவதால்தான் அசந்துவிடுகிறோம். கேட்டதும் தருவதாக எழுதிய பிராமிசரி நோட்டுக்கு, கோர்ட்டுக்குப் போக எழுதிய தேதியில் இருந்து 3 வருடம்தான் கெடு. உங்களுக்கு மிச்சம் நான்கு மாதம். அதற்குள் அடுத்த வட்டி வரும்போது, இன்ன தேதியில் இவ்வளவு கொடுத்தேன் என்று நோட்டின் பின்பக்கம் அவர் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அன்றில் இருந்து மறுபடி 3 வருடம். வெறும் கையில் வாங்கிய வட்டிக்குக் கோர்ட்டில் சாட்சி கிடையாது.

இன்னொன்று, ரொக்கமாகக் கொடுத்தீர்களா? 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அபராதம் வாங்கியவருக்கு, அதுவும் வாங்கிய தொகை அளவுக்கு. இனி வங்கி வழியாகவே கொடுங்கள்.

கேள்வி: வயது 61. ஓய்வுப் பணம் 12 லட்சம், முழுவதும் ஒரே வங்கியில் வைப்புத்தொகையாக இருக்கிறது. சரிதானா? (தேவகோட்டை)

ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு. இரண்டு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் அதே 5 லட்சம்தான். தவணை முடிந்ததும் 10 லட்சத்தைத் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு மாற்றலாம். வட்டி 8.2 சதவீதம் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் வரும். சேரும் அன்றைய விகிதம் ஐந்து வருடத்துக்கும் மாறாது. மீதி 2 லட்சம் வைத்தியச் செலவுக்கு வங்கியிலேயே இருக்கட்டும்.

கேள்வி: பக்கத்து வீட்டு ஆச்சி ஏலச்சீட்டு பிடிக்கிறார்கள். இருபது பேர், மாதம் 5,000. சேரலாமா? (பள்ளத்தூர்)

பதிவு செய்த சீட்டா? இல்லை என்றால் வேண்டாம். ஆச்சி நல்லவர்கள்தான். ஆனால் மூன்றாம் மாதமே சீட்டை எடுத்துவிட்டு, நான்காம் மாதம் கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறவர் யார் என்று ஆச்சிக்கே தெரியாது.