குசினியை விட்டுச் சாலுக்குப் போற தம்பிக்கு

தம்பி, பரிசில மீன் ரெஸ்ரோரன்ட் ஒண்டில குசினியிலயிருந்து சாலுக்கு, ஆக்கள் இருந்து சாப்பிடுற பக்கத்துக்கு, மாத்திறாங்கள், வெள்ளை வைனைப் பற்றி ஒண்டும் தெரியாது, சம்பளம் கூட்டிக் கேக்கலாமோ, வீடு எங்க தேடுறது எண்டு கேட்டிருக்கிறீர். வீட்டுக்கும் சம்பளத்துக்கும் பதில் சொல்ல, எங்கட தமிழ்க் கடையள் இருக்கிற லா சப்பலில கடைக்குக் கடை ஆக்கள் நிக்கினம். நான் வைனைச் சொல்லுறன்.

முதல்ல லேபிளை வாசிக்கப் பழகும். செக் (sec, இனிப்பில்லாதது) எண்டு போட்டால் லீற்றருக்கு 4 கிராம் சீனிக்கு மேல இராது. புளிப்புக் கூடின வைனெண்டால் 9 கிராம் வரைக்கும் விடுவினம். ஷாம்பெயினில அதே செக் 17 தொடக்கம் 32 கிராம். இனிப்பில்லாமல் கேக்கிற ஆளுக்கு அங்க புரூட் (brut) எண்டு போட்டதுதான் குடுக்கவேணும். வூவ்ரே எண்ட வெள்ளை வைனிலயும் கவனம்: செக்கும் வரும், கொஞ்சம் இனிப்பான டெமி செக்கும் வரும்.

மீன் கடையில உம்மட கையில கூட வரப்போறது மியூஸ்கடே. நாந்த் பக்கத்து வைன், மெலோன் து பூர்கோஞ் எண்ட முந்திரிகை (திராட்சை). 1709 குளிரில கொடியள் பட்டுப்போன பிறகு, இது குளிர் தாங்கும் எண்டு அங்க பரவலா நட்டவை. ‘சூர் லீ’ எண்டிருந்தால் நொதிச்ச மண்டியோடயே குளிர்காலம் முழுக்கக் கிடந்த வைன். நாக்கில மெல்லிசாச் சுரீர் எண்டும், அது பழுதில்லை.

8 தொடக்கம் 10 பாகையில ஊத்தும். பிரிஜ் 4 பாகையில நிக்கும். நேர எடுத்து ஊத்தினால் மணம் எழும்பாது, புளிப்பு மட்டும்தான் தெரியும். கால் மணித்தியாலம் வெளியில வையும். ஐஸ் வாளிக்குள்ள தண்ணியும் விடவேணும், வெறும் ஐஸ் போத்தலில முழுக்க முட்டாது, குளிர நேரமெடுக்கும். கிளாசில மூண்டில ஒரு பங்குக்கு மேல வேண்டாம். தண்டில பிடியும்.

கிளாசைச் சுழட்ட முதல் ஒருக்கா மணந்து பாரும். நனைஞ்ச காட்போட் மணம் வந்தால் கார்க் பழுது, கதைக்காமல் போத்தலை மாத்தும். நிறம் மண்ணிறமாகி, வெட்டி வைச்ச ஆப்பிள் மாதிரி மணந்தால் காத்துப் பட்டிட்டுது. அடியில கண்ணாடித்தூள் போலக் கிடந்தால் பயப்பிடாதேயும், குளிரில படிஞ்ச டார்டாரிக் அமிலத்தின்ர உப்பு. பிறகு சுழட்டி, ஒரு மிடறை வாய்க்குள்ள நாலைஞ்சு செக்கன் வைச்சிரும். நாக்கின்ர ரெண்டு பக்கமும் எச்சில் ஊறுறதுதான் புளிப்பின்ர அளவு. வேலை நேரத்தில துப்பிவிடும். குடியாத ஆளும் இப்பிடிப் பழகலாம். ஓடர் பண்ணின ஆளுக்கு முதல் ஊத்துறது பழுதோ எண்டு பாக்க. ‘பிடிச்சிருக்கோ’ எண்டு கேட்டு வம்பை வாங்காதேயும்.

பச்சைச் சிப்பியோட மியூஸ்கடே அசையாத சோடி: சிப்பியின்ர உப்பு வைனின்ர புளிப்பை அடக்கும். ஆனா வெங்காயம் போட்ட வினாகிரியை அள்ளி ஊத்தினால் வைன் செத்துப்போகும். ரெண்டு சொட்டு எலுமிச்சம்புளி போதும். ஷாவிஞோல் ஆட்டுச் சீஸுக்குச் சான்செர் எண்ட வெள்ளை வைன், ரெண்டும் ஒரே ஊர்ப்பக்கம். கிறீம் சோஸ் மீனுக்கு ஷாப்ளி எண்ட வெள்ளை வைன். அஸ்பரகஸ் கேட்ட மேசைக்கு எதைக் குடுத்தாலும் கஷ்டம், வைனில உலோக ருசி அடிக்கும்.

எங்கட ஆக்களில ஒரு பகுதி இதைப் ‘புளிச்ச தண்ணி’ எண்டு கோலா கலக்கும். மற்றப் பகுதி நாலு வைன் பேரைப் பாடமாக்கிப்போட்டு நண்டுக்கறிக்குச் சான்செர் திறக்கும். ரெண்டும் காசுக்குக் கேடு. மதுசாரம் உறைப்பை ஏத்தும், பழப்புளி வைனைத் தட்டையாக்கும். உறைப்புக்கு டெமி செக் வூவ்ரே பரவாயில்லை. மீன் சொதிக்கும், தூள் போடாத கணவாய்ப் பொரியலுக்கும் மியூஸ்கடே நல்லாப் போகும்.

முந்தி எங்கட பெடியளைப் பாத்திரம் கழுவுற தொட்டியடியை விட்டு அசைய விடாத பத்ரோன்மார் (முதலாளிமார்) இருந்தவை. சாலுக்கு வந்த பெடியன் மெனு காட்டைப் பாத்து வாய் திறக்காமல் நிண்டால், அடுத்த கிழமை திரும்பத் தொட்டியடிதான். அதால முதல் மாசமே உங்கட கடைக் காட்டில இருக்கிற வெள்ளை எல்லாத்தையும் மணந்து, ஒவ்வொரு வாய் ருசிச்சுத் துப்பிப் பாரும். திறந்த போத்தல் மூடி பிரிஜில ரெண்டு மூண்டு நாள் நிக்கும். அதுக்குப் பிறகு கிளாசுக்கு ஊத்தாமல் குசினிக்குக் குடும், மூல் (கறுப்பு மட்டி) அவிக்கக் கிலோவுக்கு 15 சென்டிலீற்றர் அவைக்கு வேணும்.